குழந்தைவேலுக்கு ஒரு புதுப் பொட்டி

“இதுக்கு மேல இந்தப் பொட்டியோட மல்லுக்கட்ட முடியாதும்மா. மாத்தியே ஆகோணும்” என்றாள் நேத்ரா.

“மாத்தலாம். நான் எப்ப வேண்டாம்னேன்? ஆனா பேசறப்பப் பேசிட்டுத்தான இருக்குது?” என்றாள் வசந்தாமணி.

“பேசுதா? காலையில என்ன டிபன் வேணும்னு அப்பாகிட்டக் கேட்டே. மத்தியானம் சோத்துல ரசம் ஊத்தறப்ப ‘ரெண்டு இட்லி போதும்’ங்குது.”

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த குழந்தைவேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சிரித்தாரா என்று சொல்ல முடியாது. முகத்தில் பாதிதான் அசையும்.

பொட்டி என்று அவர்கள் சொன்னது ஒரு லேப்டாப்பை. பார்த்தால் மற்ற லேப்டாப் மாதிரிதான் இருக்கும். குழந்தைவேலுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கமும் வாயும் சேர்ந்தாற்போல் நின்றுபோனபோது ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்தார்கள். எதிரில் இருப்பவர் கேட்பதை அது கேட்டுக்கொள்ளும். அவர் முகத்தையும் கண்ணையும் பார்க்கும். பார்த்துவிட்டு, இவர் இப்போது சொல்லக்கூடியது இதுவாக இருக்கும் என்று மூன்று வரிகளைத் திரையில் காட்டும். அவர் இடது கை விரலால் ஒன்றைத் தொட்டால், அதை அவருடைய பழைய குரலிலேயே பேசும். அவர் நடத்திய மோட்டார் கடை போனில் பேசிப் பதிவாகியிருந்ததிலிருந்து எடுத்த குரல். மூன்றும் வேண்டாமென்றால் ஓரத்தில் சிவப்பாக ‘எதுவுமில்லை’ என்று ஒரு பட்டன். அதைத் தொட்டால் வேறு மூன்று வரும். எதைத் தொடுகிறாரோ அதை வைத்து அடுத்த முறை இன்னும் சரியாக ஊகிக்கக் கற்றுக்கொள்ளும். அப்படி ஒன்பது வருடம் கற்றுக்கொண்ட பொட்டி அது.

வசந்தாமணி எந்தப் பொருளையும் சாகும்வரை வைத்திருக்கிறவள். மிக்ஸி புகைந்தபிறகுதான் மிக்ஸி மாற்றினாள். வாஷிங் மெஷின் சமையலறை வரைக்கும் நகர்ந்து வந்து நின்றபிறகுதான் வாஷிங் மெஷின். ஆனால் இது அப்படி இல்லையென்று நேத்ரா போனிலேயே பலமுறை சொல்லிவிட்டாள்.

“மிக்ஸி செத்தா இன்னொரு மிக்ஸி. இது செத்தா உள்ள இருக்கற அப்பாவும் போயிருவாரு. இந்த மாடல்ல இருந்து புதுசுக்குப் பழக்கத்தை மாத்தறதை தீபாவளியோட நிறுத்தறாங்களாம். உசுரோட இருக்கறப்பவே மாத்திப்போடோணும்.”

“எவ்வளவு ஆகும்?”

“எவ்வளவு ஆனா என்னம்மா? இதுல போயிக் கணக்குப் பாக்கறதா?”

பார்க்கப் போவதில்லைதான். மோட்டார் கடையை வாடகைக்கு விட்டதில் சேர்ந்தது பேங்கில் கிடந்தது. அதை வேறு எதற்கு வைத்துக்கொள்வது? உள்ளதிலேயே உசந்தது எதுவோ அதை வாங்கிவிடுவதென்று வசந்தாமணி மனசுக்குள் முடிவெடுத்திருந்தாள். ஆனாலும் அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒன்றும் நடந்ததில்லை.

“ஏனுங்க, இதைக் குடுத்துப்போட்டுப் புதுசு வாங்கிப்போடலாமுங்களா?”

பொட்டி ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு மூன்று வரிகள் வந்தன. குழந்தைவேலின் விரல் நாற்காலிக் கையிலிருந்து எழும்பியது. அது திரை வரைக்கும் வந்து சேர்வதற்குள் வசந்தாமணியே மேல் வரியைத் தட்டிவிட்டாள்.

“நீ எது செஞ்சாலும் சரிதான், வசந்தா” என்றது பொட்டி.

“கேட்டுக்கிட்டயா அம்மிணி? உங்கப்பா சரின்னுட்டாரு. நாளைக்கே போலாம்.”

மறுநாள் காந்திபுரத்தில் இருந்தார்கள். கம்பெனிக் கடையில் அவர்களை உட்காரவைத்துப் பேசிய பெண்ணின் பெயர் ரெஹானா. முப்பது வயதிருக்கும். வந்ததும் முதல் காரியமாகக் குழந்தைவேலின் சக்கர நாற்காலிக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, “வணக்கமுங்க ஐயா” என்று அவரைப் பார்த்தே சொன்னாள். பெரும்பாலும் எல்லாரும் வசந்தாமணியைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்வார்கள்.

“மூணு வகை இருக்குதுங்கம்மா. மொதல்ல இருக்கறது வெறும் பொட்டி. ஐயாவைப் பத்தி அதுக்கு ஒண்ணுந்தெரியாது. எழுத்துப் பலகை இருக்கும். ஐயாவா எழுத்துக் கூட்டிச் சொன்னாத்தான் உண்டு. போகப் போகக் கத்துக்கும். ரெண்டாவதுல ஐயாவோட குரலும் அவர் புழங்கற வார்த்தைங்களும் வந்துரும். மூணாவது முழுப் பழக்கம்.”

“அதுல என்ன இருக்கும்?” என்றாள் நேத்ரா.

“எல்லாம். யாரு என்ன கேட்டா என்ன சொல்லுவாரு, எங்க சிரிப்பாரு, எதுக்குக் கோவிச்சுக்குவாரு, மொத்தமும். இதுல வெசேசம் என்னன்னா, மூணு வரி காட்டி அவர் விரலுக்குக் காத்துட்டு இருக்காதுங்க. முகத்தைப் பாத்ததுமே அதே பேசிரும். நாம பேசற வேகத்துக்கு ஐயாவும் பேசலாம்.”

“விரலே வேண்டாமா?”

“வேண்டாம்.”

வசந்தாமணி குழந்தைவேலின் கையைப் பார்த்தாள். அந்த விரல் எழும்புவதற்குப் படும் பாட்டை ஒன்பது வருடமாகப் பார்த்தவள் அவள். இனிமேல் அந்தப் பாடு கிடையாது.

விலையை ரெஹானா ஒரு அட்டையில் காட்டினாள். மூன்றாவது வகைக்கு ஒரு சின்னக் காரே வாங்கலாம். நேத்ரா அம்மாவைப் பார்த்தாள். வசந்தாமணி, “அதையே போட்ருங்க” என்றாள், கத்தரிக்காய் நிறுக்கச் சொல்கிற மாதிரி.

“போட்ரலாமுங்க. அதுக்கு முன்னால ஐயா ஒரு வார்த்தை சொல்லோணும். தன்னோட பேச்சை மெஷின் பொறுப்புல விடறதுக்கு அவரே சம்மதம் சொல்லோணும்னு சட்டம் வந்திருக்குதுங்க. கூட இருக்கறவங்க யாரும் பொட்டியத் தொடக் கூடாது.”

“அது எதுக்கு?”

“எங்கயோ ஒரு பெரியவரு பேசற மாதிரியே பேச வெச்சு, சொத்தை எழுதி வாங்கிட்டாங்களாமா. அதுல இருந்து இப்படி. சும்மா ஒரு சடங்குதானுங்க, சித்த நேரத்துல முடிஞ்சுரும்.”

பழைய பொட்டியை அவர் முன்னால் விரித்து வைத்தார்கள். ரெஹானா நிதானமாகக் கேட்டாள்: “ஐயா, இந்த முழுப் பழக்கப் பொட்டிய வாங்கறதுக்கு உங்களுக்குச் சம்மதமுங்களா?”

திரையில் வந்தது:

‘சரி, வாங்கிக்கலாம்.’
‘வசந்தா சொன்னா சரியாத்தான் இருக்கும்.’
‘யோசிச்சுச் சொல்றேன்.’

வசந்தாமணியின் கை தன்னால் நீண்டது.

“அம்மா, கை.”

“அட, மறந்துபோனேன் கண்ணு.” கையை மடக்கிக்கொண்டாள்.

குழந்தைவேலின் விரல் எழும்பியது. காற்றில் கொஞ்சம் ஆடியது. மெதுவாக நகர்ந்து, மேல் வரியைத் தாண்டி, நடு வரியைத் தாண்டி, கீழே உள்ளதையும் தாண்டி, ஓரத்துச் சிவப்புப் பட்டனில் போய் உட்கார்ந்தது.

வேறு மூன்று வந்தன. ‘நல்ல பொட்டிதான்’, ‘நேத்ராவுக்குப் பிடிச்சா எனக்கும் பிடிக்கும்’, ‘இப்ப வேண்டாம், களைப்பா இருக்கு’. விரல் மறுபடியும் சிவப்புக்கே போனது. அதற்கடுத்த மூன்றுக்கும் அதே.

“களைச்சுட்டாரு. காலையில நேரத்திலயே எழுப்பிட்டோம்” என்றாள் வசந்தாமணி. அவளுக்கு லேசாக வெட்கமாக இருந்தது, ஒறம்பரையாகப் போன வீட்டில் குழந்தை முரண்டு பிடித்தால் தாய்க்கு வருகிற மாதிரி.

“பரவால்லைங்கம்மா. வீட்டுலயும் இப்படிச் சிவப்புத்தான் தொடுவாருங்களா?”

“இல்லவே இல்ல. வீட்டுல அந்தப் பட்டன் பக்கமே நாங்க போறதில்ல. பாருங்க, தேஞ்சுகூட இருக்காது. மேல வர்றதை நான் தட்டிவிட்ருவேன். அது எப்பவும் சரியாத்தான் வரும்.”

ரெஹானா கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

“நீங்க தட்டுவீங்களா?”

“ஆமா. அவர் விரல் வந்து சேர்றதுக்குள்ள விடிஞ்சுரும். நடுங்கும் வேற. பாக்கறதுக்குப் பாவமா இருக்கும். அவர் என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா?”

“எப்பவாச்சும் தட்டுவீங்களா, எப்பவுமேவா?”

அவராகத் தொட்டது கடைசியாக எப்போது என்று வசந்தாமணி எண்ணிப் பார்த்தாள். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

“அம்மா, நான் ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்கக் கூடாது” என்றாள் ரெஹானா. “யாரு விரல் தட்டுதுன்னு இந்தப் பொட்டிக்குத் தெரியாதுங்க. தட்டினது எதுவோ அதைத்தான் படிச்சுக்கும். நீங்க ‘இதைத்தான் சொல்லுவாரு’ன்னு நெனச்சு ஒண்ணைத் தட்டுனீங்க. அடுத்த தடவை அதுக்குத் தக்கன மூணைக் காட்டுச்சு. அதுலயும் நீங்களே தட்டுனீங்க. இப்ப இது காட்டறதெல்லாம்…” நிறுத்திவிட்டாள்.

“அம்மாவோட பேச்சு” என்று நேத்ரா முடித்தாள். “அதான்! அதான் அப்பா ‘பதனமாப் பாத்துப் போ கண்ணு’ங்குறாரு. அப்பா எந்தக் காலத்துல பதனம்னாரு? நானுங்கூட உடம்பு முடியாமப் போனதுல அப்பாவுக்கு மனசு எளகிருச்சுன்னு நெனச்சேன்.”

“ஒண்ணு ரெண்டு வார்த்தை ஒட்டியிருக்கும், அதுக்குன்னு…”

“அம்மா.” நேத்ராவின் குரல் மாறியிருந்தது. “என்ற கல்யாணத்துக்கு அப்பா சரின்னாரே. அது?”

கடையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். 

நேத்ராவைக் கட்டிய ஜோயலின் வீட்டார் பெண் கேட்டு ஊட்டியிலிருந்து வந்து இறங்கிய நாள் அது. மாமன் வகை, பங்காளி வகை என்று கூடம் நிறைய சனம். வேற மதத்துப் பையனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று ஆளாளுக்கு முறுக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் குழந்தைவேல் பக்கம் திரும்பியது. பொட்டி பேசியது: “பையன் நல்ல பையன். நீ சந்தோசமா இரு கண்ணு, எனக்கு அது போதும்.” பெற்ற தகப்பனே சொன்னபிறகு யார் என்ன பேசுவது? அந்தக் குரலை நேத்ரா போனில் பதிந்து வைத்திருந்தாள். மாமியார் வீட்டில் சங்கடமான நாட்களில் அதைப் போட்டுக் கேட்பாள் என்பது வசந்தாமணிக்கும் தெரியும்.

“சொல்லும்மா. அது யாரு தட்டுனது?”

“அவர் விரலைத் தூக்குனாரு, அம்மிணி. நடுங்குச்சு. அத்தனை சனமும் பாத்துட்டு இருந்துது. எனக்குப் பொறுக்கல…”

“தூக்குனாரு. எந்தப் பக்கம் போச்சு?”

“என்னது?”

“விரலும்மா. மேல போச்சா, கீழ போச்சா, சிவப்புக்குப் போச்சா?”

வசந்தாமணி நினைத்துப் பார்த்தாள். எல்லாம் நினைவிருந்தது. பெரிய மாமன் கட்டியிருந்த வேட்டிக்கரை, ஜோயலின் அம்மா கொண்டுவந்த ஊட்டி வறுக்கி டப்பா, எல்லாம்.

“தெரியல. நான் விரலைப் பாக்கல. பொட்டியத்தான் பாத்துட்டு இருந்தேன்.”

நேத்ரா எழுந்து தண்ணீர் வைத்திருந்த மூலைக்குப் போனாள். தம்ளரைப் பிடித்தவள் குடிக்காமல் அப்படியே நின்றாள்.

வசந்தாமணி கணவரின் பக்கம் திரும்பினாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுசன் இத்தனை வருடமும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா? தான் சொல்லாததைத் தன் குரலிலேயே கேட்டுக்கொண்டு? சாயங்காலமானால், “எனக்காகக் காத்திருக்காத வசந்தா, நீ போயிச் சாப்பிடு” என்று பொட்டி சொல்லும். முன்னாலெல்லாம் அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னவரில்லை. படுத்தபிறகுதான் நம்மேல் கரிசனம் வந்திருக்கிறது என்று அவள் மனசுக்குள் சந்தோசப்பட்டிருக்கிறாள். இப்போது அந்தச் சந்தோசம் பொக்கென்று போயிற்று.

“அதுவும் நானேதானா கண்ணு?” என்றாள் ரெஹானாவிடம்.

“எதுங்கம்மா?”

“நீ போயிச் சாப்பிடுங்கறது.”

ரெஹானாவுக்கு என்னவென்று புரிந்திருக்காது. ஆனாலும் ஏதோ ஒரு ஆறுதலை அள்ளிவிடாமல், “அதைப் பிரிச்சுப் பாக்கறதுக்கு இதுல வழியில்லைங்கம்மா” என்றாள். பிறகு, “ஐயா படிப்பாருங்களா?” என்று கேட்டாள்.

“பேப்பரு மடியில விரிச்சு வெச்சா நாள்பூராப் பாத்துட்டு இருப்பாரு. எழுத்துக் கூட்டத்தான் வராது. டாக்டரு சொல்லீட்டாரு.”

“எப்பச் சொன்னாரு?”

“படுத்த புதுசுல.”

“அதுக்கப்பறம் யாராச்சும் வருமா வராதான்னு பாத்தீங்களா?”

“இல்ல” என்றாள் வசந்தாமணி. பொட்டியைத் தீபாவளிக்குள் மாற்றவேண்டும் என்று ஓடி வந்தவர்கள், அவரைப் பற்றி டாக்டர் அன்றைக்குச் சொன்ன பேச்சை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ரெஹானா உள்ளே போய் மூன்றில் விலை குறைந்ததை, வெறும் பொட்டியை, எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். திரை நிறையப் பெரிய பெரிய எழுத்துகள். வேறொன்றும் இல்லை.

“ஐயா, இதுக்கு உங்களைத் தெரியாது. அதனால இது உங்களுக்கு எதுவும் சொல்லித் தராது. நீங்களா ஏதாச்சும் சொல்லோணும்னா சொல்லுங்க. அவசரமில்லை. எனக்கு அடுத்த ஆளு மத்தியானந்தான்.”

விரல் எழும்பியது. வசந்தாமணி தன் கையின்மேல் தானே உட்கார்ந்துகொண்டாள்.  ‘எ’ மேல் விரல் பட்டது. எனக்கு என்கிறாரா? எந்திரிக்கோணும் என்கிறாரா? ‘வ்’ வந்தது. ஒரு தடவை தவறிப் பக்கத்து எழுத்தில் விழுந்தது. அவரே அழித்தார். அழிப்பதற்கும் அவ்வளவு நேரமாயிற்று. நேத்ரா தம்ளரோடு வந்து பின்னால் நின்றிருந்தாள். 

கடைசி எழுத்தும் விழுந்ததும் பொட்டி வாய் திறந்தது. யாரோ ஒரு ஆளின் குரல். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற மாதிரி, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல்.

“எவ்வளவு.”

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“விலை கேக்கறாரு!” என்றாள் ரெஹானா. “ஐயா விலை கேக்கறாரும்மா! அட்டைய நான் உங்ககிட்டக் காட்டுனேன், அவர்கிட்டக் காட்டவே இல்லையே!”

வசந்தாமணி அசந்துபோனாள். கேள்வி. குழந்தைவேல் கேள்வி கேட்கிறார். மோட்டார் கடையில் அவர் வியாபாரமே கேள்விதான். வருகிறவன் “ஒரு பம்ப்செட் குடுங்க” என்றால், “எந்த ஊரு? கெணறா போரா? எத்தனை அடி? வெவசாயத்துக்கா வீட்டுக்கா?” என்று ஆரம்பித்துவிடுவார். எதிராளி களைத்துப்போகிறவரைக்கும் கேட்காமல் சாமானைக் கண்ணில் காட்டமாட்டார். அந்த மனுசரிடம் ஒன்பது வருடமாக மற்றவர்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்குப் பதில்களைத்தான் பொட்டியும் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் சிவப்புக்குப் போனது சம்மதமில்லாமலா, இல்லை, காட்டிய வரிகளில் கேள்வி ஒன்றும் இல்லாததாலா?

ரெஹானா அட்டையை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து மூன்று விலையையும் சொன்னாள். அவர் பார்த்தார். விரல் போயிற்று.

“எச்சு” என்றது பொட்டி.

நேத்ரா பக்கென்று சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். “மூணுமே விலை எச்சாப்பா?”

விரல் மறுபடி. இந்த முறை வெகுநேரம் பிடித்தது.

“பழசுக்கு.”

“பழசுக்கு என்ன குடுப்பீங்கன்னு கேக்கறாரு” என்றாள் வசந்தாமணி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அப்படித்தானுங்களா? நானாச் சொல்லிப்போட்டேன்.”

குழந்தைவேல் இமையை மூடித் திறந்தார். அப்படித்தான்.

“பழைய பொட்டிக்குக் கம்பெனி ஒண்ணுந்தராதுங்க ஐயா. அதுல இருக்கறது உங்க சொத்து. வேணும்னா மாத்தித் தருவோம், வேண்டாம்னா அதோட போச்சு.”

அவர் ‘த்சொ’ என்கிற மாதிரி வாயின் ஒரு பக்கத்தை இழுத்தார். வியாபாரம் படியாதபோது கடையில் காட்டுகிற முகம். வசந்தாமணி அதை மறந்தே போயிருந்தாள்.

நேத்ரா தரையில் மண்டியிட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

“அப்பா. நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க எதைச் சொன்னாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. ஜோயல் வீட்டுல இருந்து வந்தாங்களே, அன்னிக்கு நீங்க விரலைத் தூக்குனீங்க. என்ன சொல்றதுக்குத் தூக்குனீங்க?”

“அம்மிணி, வேண்டாம். வீட்டுக்குப் போயி…”

“நீ சும்மா இரும்மா. இத்தனை நாளா நீதான பேசுனே?”

வசந்தாமணிக்கு அடி சரியான இடத்தில்தான் விழுந்தது.  ஒரு ‘வேண்டாம்’ வந்தால் போதும். மகளின் போனில் இருக்கிற குரல் அந்த நிமிடமே பொய்யாகிவிடும். இரண்டு வருடமாக அதைப் பிடித்துக்கொண்டு மலைமேல் ஒரு குடும்பத்தில் நிற்கிறவள் அவள்.

குழந்தைவேல் மகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகுதான் விரலைத் தூக்கினார். ‘ம’.  மறுத்தேன் என்கிறாரா? அடுத்த எழுத்துக்கு விரல் போய்க்கொண்டே இருந்தது, ஊர்விட்டு ஊர் நடக்கிற மாதிரி. தவறிற்று. அழித்தார். மறுபடி தொட்டார்.

“மறந்துபோச்சு” என்றது யாரோ ஒரு ஆளின் குரல்.

நேத்ரா அவர் முழங்கால்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். “போங்கப்பா” என்றாள். அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முகம் தெளிந்திருந்தது. “மறந்தே போச்சாம்! நாந்தான் வேலையத்துப்போயி வெசனப்பட்டிருக்கறேன்.”

இருபது வருடத்துக்கு முன்னால் எந்தத் தோட்டத்துக்கு எந்த மோட்டார் கொடுத்தோம் என்று ஆளையும் ஆழத்தையும் சேர்த்துச் சொல்கிறவர் குழந்தைவேல். மறதி என்பது அவர் சாதகத்திலேயே கிடையாது. வசந்தாமணி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வேண்டுமென்றே அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

ரெஹானா மட்டும் மெதுவாகச் சொன்னாள். “இந்த வார்த்தைய எங்க முழுப் பழக்கம் ஒருநாளும் சொல்லாதுங்கம்மா. மறந்துபோச்சுன்னு சொல்ல அதுக்குக் கத்துத்தர மாட்டோம்.”

எதை வாங்குவது என்று அதற்கப்புறம் யாரும் விவாதிக்கவில்லை. அவரையே கேட்டார்கள். அவர் விரல் வெறும் பொட்டியின்மேல் இருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தது. சம்மதத்துக்கு ‘சரி’ என்று இரண்டே எழுத்து.

“ஐயாவோட பழைய குரலையாச்சும் இதுக்கு மாத்திக்கலாமுங்க, கொஞ்சந்தான் கூட ஆகும்” என்றாள் ரெஹானா.

வசந்தாமணிக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் குரலில் ஒரு வார்த்தை கேட்க எதையும் கொடுப்பாள். அவரைப் பார்த்தாள். அவர் மறுபடியும், “எவ்வளவு” என்று ஆரம்பித்தார். விலையைக் கேட்டதும் “அப்பறம்” என்று விட்டுவிட்டார். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்ததும் நேத்ரா ஊட்டி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். போகும்போது அப்பா கன்னத்தைத் தட்டி, “அடுத்த தடவை வரும்போது ஒரு முழு வரியாச்சும் பேசோணும் பாத்துக்கங்க” என்றாள். அம்மாவிடம் கொஞ்சம் தயங்கி நின்றாள். பிறகு, “கையை அடக்கிட்டு இரு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கோபம் போய்விட்டதென்றும் சொல்ல முடியாது, இருந்ததென்றும் சொல்ல முடியாது.

பழைய பொட்டியை வசந்தாமணி துணியில் சுற்றி பீரோவில் வைத்தாள். அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. புதுசைச் சன்னலோரம் அவர் கைக்கு எட்டும்படி வைத்தாள். சாப்பாட்டு நேரம் வந்தது. யாரும் அவளைப் போய்ச் சாப்பிடச் சொல்லவில்லை. அவருக்கு ஊட்டினாள், தானும் சாப்பிட்டாள். வீடு சத்தமில்லாமல் இருந்தது. ஒன்பது வருடம் தன்னோடு பேசிக்கொண்டிருந்த ஒருத்தி திடீரென்று ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

வாயைத் துடைத்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க. நெசமாலுமே மறந்துபோச்சுங்களா?”

அவர் அவளைப் பார்த்தார். விரல் எழும்பியது. ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது. அவள் இம்முறை பொட்டியைப் பார்க்கவில்லை. விரலையே பார்த்தாள். அது எவ்வளவு நடுங்கினாலும், போகவேண்டிய எழுத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

“அவ போயிட்டாளா” என்றது யாரோ ஒரு ஆளின் குரல்.

வசந்தாமணி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“போயிட்டாளுங்க” என்றாள். “சொல்லுங்க.”

விரல் மறுபடி எழும்பியது.